மூடுபனிக்கு ஒரு நூல் இடம்

"ஓக் மரத்துல கிச்சன் வேணும்" என்று கேட்டு வருகிறவர்கள் முன்னால் இரண்டு பலகைத் துண்டுகளை வைப்பது என் வழக்கம். ஒன்று அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளை ஓக். மற்றது ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடியைச் சுமந்துகொண்டு நின்ற சில்வர் ஓக். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுதானே ஒரிஜினல்?" என்று பெரும்பாலானவர்கள் எடுப்பது நாகலூர்த் துண்டைத்தான். அதன் முகத்தில் செதில் செதிலாக ஓடும் பளபளப்பு ரேகை அவர்களை ஏமாற்றிவிடும்.

அசல் ஓக் நம் மண்ணில் கிடையாது. இமயமலையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் அதன் இனங்கள் காடாக நிற்கின்றன. தென்னிந்திய மலைகளில் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. சில்வர் ஓக் கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஓக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மக்கடேமியாக் கொட்டை காய்க்கும் மரத்துக்குத்தான் அது பங்காளி. ஆனால் மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் கதிர்கள் இரண்டிலுமே அகலம். சரியான கோணத்தில் அறுத்தால் அந்தக் கதிர்கள் பலகையின் முகத்தில் பட்டுத் துணிபோல மின்னும். ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் வீட்டுச் சாமான்களையும் ஜன்னல் சட்டங்களையும் இந்த மரத்தில்தான் விரும்பிச் செய்தார்கள்.

ஏற்காட்டுக்கு அது காப்பிக்குத் துணையாக வந்த மரம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலையில் காப்பி ஏறியது. இங்கே விளைகிற அராபிகாவுக்குத் தலைக்குமேல் நிழல் வேண்டும். வேகமாக, நேராக வளர்கிற, வருடா வருடம் கிளையை வெட்டினாலும் சளைக்காத, மிளகு ஏறத் தோதான மரம் என்று தோட்டக்காரர்கள் பின்னால் சில்வர் ஓக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு லூப் ரோட்டில் ஒரு சுற்று வந்தால் இரண்டு பக்கமும் அதுதான். காற்றடிக்கும்போது இலையின் அடிப்பக்க வெள்ளி தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் போட்டோ எடுக்கிறார்கள். எனக்குக் கன அடிக் கணக்குதான் ஞாபகம் வரும்.

நான் தொழில் கற்றது சேலத்தில், தேக்கும் தோதகத்தியும் மட்டுமே மரம் என்று நினைத்த ஓர் ஆசாரியிடம். சில்வர் ஓக் பலகையை உள்ளே கொண்டுவந்தால் இழைப்புளியைக்கூடத் தரமாட்டார். "அது பொட்டி அடிக்கிற மரம்டா. வீட்டுக்குள்ள வெச்சா உளுத்துப் போயிடும்" என்பார். அவர் சொன்னதில் பொய் கிடையாது. பேக்கிங் பெட்டிக்கும் பிளைவுட் கம்பெனிக்கும் தீக்கும் போன மரம்தான் அது. பதப்படுத்தாமல் விட்டால் வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். கரையானுக்கும் பிடித்த மரம். வெளியில் மழையில் நிற்க வைக்கிற வேலைக்கு இன்றும் நான் அதைத் தொடமாட்டேன். ஆனால் வீட்டுக்குள்ளே, தரையைத் தொடாமல், மருந்து ஏற்றி, மெருகு போட்டு வைத்தால் அது தேக்குக்குக் கீழே தலைகுனிய வேண்டிய மரம் இல்லை. தேக்கு விலை ஏறிய பிறகு இந்தப் பேச்சுக்கு வாடிக்கையாளர்களிடம் காதும் கிடைத்தது.

மலையில் மரம் வெட்டுவது நம் இஷ்டத்துக்கு நடக்கிற காரியம் இல்லை. மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955லேயே சட்டம் வந்துவிட்டது. சொந்தத் தோட்டம் என்றாலும் அனுமதி வாங்க வேண்டும். மலையை விட்டு இறக்கவும் சீட்டு வேண்டும். தோட்டக்காரர் அந்த வேலையை முடித்துத் தருகிற மரத்தை மட்டும்தான் நான் எடுப்பேன். காப்பிப் பழம் பறித்து முடிந்து கோடை மழை தொடங்குவதற்கு முன் வெட்டினால் நல்லது. வெட்டிப் போட்ட மரத்தை ஈரத்தில் கிடக்கவிட்டால் வெள்ளைப் பகுதியில் நீலம் பாய்ந்துவிடும். அந்தக் கறையை எந்தப் பாலிஷும் மறைக்காது.

வாள்பட்டறையில்தான் முதல் சண்டை. அங்கே வழக்கம், மரத்தைப் படுக்கவைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாகப் பலகை போட்டுத் தள்ளுவது. வேகமாக முடியும், கழிவும் குறைவு. எனக்கு வேண்டியது வேறு. மரத்தை நாலாகப் பிளந்து, ஒவ்வொரு கால் பாகத்தையும் திருப்பித் திருப்பி வைத்து, ஆண்டு வளையம் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிறாற்போல அறுக்க வேண்டும். "இப்படி அறுத்தா பாதி வெறகாப் போயிடுங்க" என்று மில்காரர் முகத்தைச் சுளிப்பார். கூலி கூடுதலாகக் கொடுத்துப் பக்கத்தில் நின்றே அறுத்து வாங்குவேன். பட்டு ரேகை வருவது இந்த அறுப்பில் மட்டும்தான். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த மரத்தின் தூள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. அறுத்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் முழங்கைக்கு உள்பக்கம், கழுத்து, கண்ணிமை எல்லாம் சிவந்து அரிக்கும். சிலருக்குக் கொப்புளமே போடும். மரத்தில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் தோலுக்கு ஆகாதது என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் பட்டறையில் இந்த மரம் ஓடுகிற நாளில் முழுக்கைச் சட்டையும் மூக்குக்கவசமும் இல்லாதவனுக்கு வேலை கிடையாது. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனவனுக்கு அடுத்த முறை இன்னும் மோசமாகும். அவனை மாற்றித் தேக்கு வேலையில் போட்டுவிடுவேன்.

அறுத்த பலகை பச்சையாக இருக்கும்போதே போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலில் ஊற வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை என்ற விகிதம். விலை மலிவு, மனிதருக்குப் பெரிய தொந்தரவு இல்லை, வண்டும் கரையானும் அண்டாது. ஒரே ஒரு குறை: தண்ணீர் தொடர்ந்து பட்டால் மருந்து கரைந்து வெளியே வந்துவிடும். அதனால்தான் இந்த மரம் கூரைக்குக் கீழே மட்டும் என்றேன். ஊறிய பலகைகளை நிழலில், ஒன்றுக்கொன்று நடுவில் ரிப்பீஸ் கட்டை கொடுத்து அடுக்கி, முனைகளில் பெயின்ட் அடித்து விடுவோம். முனை வழியாக ஈரம் சட்டென்று ஓடினால் பலகை வாய் பிளக்கும். சேலத்து வெயிலில் சீக்கிரம் காயட்டும் என்று வெளியில் போடுகிறவர்கள் பலகையைக் கெடுக்கிறார்கள்.

இனித்தான் மலையின் கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரத்தில் மரம் வேறு நாட்டுக்குப் போய்விடுகிறது. கோடையில் சேலத்துப் பட்டறையில் மாய்ஸ்சர் மீட்டரைக் குத்தினால் காய்ந்த பலகையில் ஈரம் 9 சதவீதம் காட்டும். அதே பலகை மழைக்காலத்தில் ஏற்காட்டு வீட்டில் 15ஐத் தாண்டிப் போகும். மரம் காற்றிலுள்ள ஈரத்தோடு சமரசம் செய்துகொள்கிற பொருள். எவ்வளவு பாலிஷ் அடித்தாலும் அது மெதுவாக நடக்குமே தவிர நடக்காமல் இருக்காது.

18 அங்குல அகலமுள்ள சில்வர் ஓக் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண அறுப்பு என்றால், ஈரம் 9இலிருந்து 15க்குப் போகும்போது அது இரண்டு நூலுக்குக் கொஞ்சம் மேலேயே விரியும். எட்டு நூல் ஓர் அங்குலம். ஓர் அலமாரிக் கதவில் இரண்டு நூல் என்பது திறக்க முடியாமல் இறுகிப்போவதற்குத் தாராளமாகப் போதும். நான் சண்டை போட்டு வாங்கிய நாலாகப் பிளந்த அறுப்பு என்றால் அதே பலகை முக்கால் நூல்தான் விரியும். மரம் வளையத்தின் போக்கில் விரிவது அதிகம், கதிரின் போக்கில் விரிவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். மில்காரர் விறகாகப் போகும் என்று வருத்தப்பட்டாரே, அந்தக் காசு இங்கே திரும்ப வந்துவிடும்.

முக்கால் நூலையும் விட்டுவிடக் கூடாது. அதனால் பலகைகளை மலைக்கு ஏற்றி, வேலை நடக்கிற வீட்டிலேயே ஓர் அறையில் அடுக்கி வைத்துவிடுவேன். குட்டியானை வண்டியில் பலகை வந்து இறங்கியதும் வேலை தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்கும் வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. "என்ன ஆசாரி, மரம் வந்து வாரக்கணக்கா சும்மா கெடக்குது?" என்பார்கள். "அதுக்கு ஊரு பழகட்டுங்க" என்பேன். மீட்டரில் இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே எண் வந்த பிறகுதான் இழைப்புளியை எடுப்போம்.

கதவு செய்கிற விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு நிற்கிற சட்டம், இரண்டு படுத்த சட்டம், மூன்றங்குல அகலம், முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான கனம். படுத்த சட்டத்தின் முனையில் கழுந்து செதுக்கி, நிற்கிற சட்டத்தின் துளைக்குள் இறக்குவோம். கையால் அழுத்தினால் பாதி வரை போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு வேண்டும். தானாக வழுக்கிக்கொண்டு போனால் அந்தச் சட்டம் குப்பைக்கு. சட்டத்தின் உள்விளிம்பில் சுற்றிலும் காடி ஓடும். நடுப்பலகை அந்தக் காடிக்குள் உட்காரும். மூட்டுகளுக்குப் பசை உண்டு. நடுப்பலகைக்கு ஒரு சொட்டுப் பசை கிடையாது, ஆணியும் கிடையாது. காடிக்குள் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் இடம் விட்டு மிதக்க விடுவோம். மழைக்காலத்தில் அது விரிந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், கோடையில் விட்டுக்கொடுக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கதவு அசைவதே தெரியாது.

இதில் பையன்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. பலகை கடகடவென்று ஆடுகிறதே என்று இரக்கப்பட்டு, காடியில் பெவிக்காலைத் தடவிவிடுவார்கள். அடுத்த மழையில் பலகை விரிய இடமில்லாமல் சட்டத்தின் மூட்டையே பிய்த்துக்கொண்டு போகும், அல்லது கோடையில் நடுவில் பிளக்கும். இன்னொரு சங்கதி: நடுப்பலகைக்குச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே பாலிஷ் போட்டுவிட வேண்டும். பூட்டிய பிறகு போட்டால், கோடையில் பலகை சுருங்கும்போது காடிக்குள் ஒளிந்திருந்த பச்சை விளிம்பு வெள்ளைக் கோடாக எட்டிப் பார்க்கும்.

பழைய தோட்டப் பங்களாக்களில் பொருத்துகிற வேலை தனி உலகம். கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர். நேர்க்கோடு என்பதே கிடையாது. மூலைமட்டத்தை மூலையில் வைத்தால் ஒரு பக்கம் விரல் நுழையும். சமையலறைத் தரையோ கழுவிவிடுகிற தண்ணீர் ஓடட்டும் என்று வேண்டுமென்றே ஜலதாரையை நோக்கிச் சரித்துப் போட்டது. பத்தடி நீளத்தில் ஓர் அங்குலம் இறங்கும். நகரத்துக் கம்பெனிகள் கம்ப்யூட்டரில் படம் போட்டு மில்லிமீட்டர் சுத்தமாக வெட்டி அனுப்பிய பெட்டிகள் இந்தச் சமையலறைகளில் வந்து திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெட்டி நேர், வீடு கோணல். இடுக்கில் சிலிக்கானைப் பிதுக்கி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இடுக்கில்தான் கரப்பான் குடித்தனம் வைக்கும்.

நாங்கள் முதல் நாள் பெட்டியைத் தூக்கவே மாட்டோம். தண்ணீர் ட்யூபைப் பிடித்து அறையைச் சுற்றிலும் ஒரு மட்டக்கோடு போடுவது மட்டும்தான் வேலை. தரையில் எந்த இடம் உயரம் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவோம்; பள்ளமான பக்கம் காலை உயர்த்திக்கொள்ளலாம், மேடான பக்கம் தரையைச் சீவ முடியாது. சுவரோடு சேரும் பக்கப்பலகையை ஓர் அங்குலம் கூடுதலாக விட்டிருப்போம். பெட்டியை மட்டத்தில் நிறுத்தி, கவராயத்தின் ஒரு காலைச் சுவரில் மேயவிட்டால் பென்சில் கால் சுவரின் மேடுபள்ளத்தையெல்லாம் அப்படியே பலகையில் வரைந்துவிடும். அந்தக் கோடு வரை இழைத்தால் பலகை சுவரோடு கவ்வி உட்காரும். ஒரு பக்கத்துக்கு அரைநாள் ஆகும். இந்த அரைநாளுக்கு யாரும் கூலி கணக்குப் போடுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

கல்சுவரில் ஓதம் ஏறும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை இழுத்து மெதுவாக வெளியே விடுகிற பொருள். பழையவர்கள் அதைத் தெரிந்துதான் கட்டினார்கள். பிற்காலத்தில் உள்பக்கம் சிமென்ட் பூசி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டி, சுவரின் மூச்சை அடைத்திருப்பார்கள். ஈரம் வேறு வழி தேடி அலமாரியின் முதுகுக்கு வரும். அதனால் முதுகுப்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் முக்கால் அங்குலக் காற்றிடைவெளி விடுவேன். மேலும் கீழும் காற்று போகத் திறப்பு வைப்பேன். தொங்கும் அலமாரியைக் கல்சுவரில் மாட்டுவதற்கு முன் துளைபோட்டுப் பார்க்க வேண்டும். கல்லில் பட்டால் ஆங்கர் மலைபோல நிற்கும், கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் பட்டால் பொலபொலவென்று கொட்டும். அதற்காகத்தான் ஒரு நீளமான சட்டத்தைப் பல இடங்களில் கல்லில் பிடித்து, அலமாரியை அந்தச் சட்டத்தில் தொங்கவிடுகிறோம்.

சமையல் மேடைக்குக் கீழே என்ன வைப்பது என்பதில் எனக்கும் பெங்களூரிலிருந்து வருகிற இன்டீரியர் தம்பிகளுக்கும் ஒத்துப்போவதில்லை. அவர்கள் எல்லாவற்றையும் பெட்டியாகச் செய்யச் சொல்வார்கள். நம் ஊர் வழக்கம் கடப்பாக் கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் கடப்பாத் தட்டு வைத்து, மேலே கிரானைட் போடுவது. ஆசாரிக்கு அதில் முன்சட்டமும் ஷட்டரும் மட்டும்தான் வேலை. பழைய பாணி என்று அதை ஒதுக்குகிறார்கள். ஏற்காட்டைப் பொறுத்தவரை அதுதான் சரி என்பது என் தீர்ப்பு. கிரைண்டர் கழுவிய தண்ணீர் வழிந்தாலும், பைப் கசிந்தாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. மரம் முகத்துக்கு மட்டும் வரும். நனைந்தால் கழற்றிக் காயவைத்து மாட்டிவிடலாம். டிராயர் வருகிற இடத்தில் மட்டும் பிளைவுட் பெட்டி. அதிலும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளை. 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டும் பசை விடாததற்குத்தான் அந்த முத்திரை கொடுக்கிறார்கள். பார்ட்டிகிள் போர்டு பெட்டிகளை மலையில் யாரும் வாங்க வேண்டாம். ஸிங்க்குக்குக் கீழே ஒரு மழைக்காலம் தாங்கிய போர்டை நான் கண்டதில்லை. விளிம்பு அப்பளம்போலப் பொரிந்து நிற்கும்.

சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் வைக்கிற கதவின் அடியில் துவாரம் கட்டாயம், எலி வராமல் வலையும் அடிக்க வேண்டும். உள்ளே வைக்கிற கம்பிக் கூடைகள் 304 ரக எவர்சில்வராக இருக்கட்டும். எவர்சில்வர் தகடு செய்கிற உருக்காலை மலையடிவாரத்துச் சேலத்திலேயே இருக்கிறது, இருந்தும் மலிவுக்கு முலாம் பூசிய கம்பியை வாங்கித் துருப்பிடிக்க வைக்கிறார்கள். மேடை உயரத்தைப் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தினம் சமைக்கிறவரை நிற்கவைத்து, முழங்கைக்கு ஒரு சாண் கீழே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குரங்கு. வளைந்த கைப்பிடி வைத்த ஷட்டரை ஏற்காட்டுக் குரங்கு ஒரு வாரத்தில் திறக்கக் கற்றுக்கொள்ளும். ஜன்னலுக்குப் பக்கத்து அலமாரிகளுக்கு அமுக்கித் திறக்கிற தாழைத்தான் போடுகிறேன். அதையும் ஒரு நாள் கற்றுக்கொள்ளும் என்ற பயம் இருக்கிறது.

குளியலறைக்கு வருவோம். வாஷ்பேசினுக்குக் கீழே மர அலமாரி வேண்டும், அதுவும் அசல் வெள்ளை ஓக்கில்தான் வேண்டும் என்று ஒரு வீட்டம்மா உறுதியாக நின்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. வெள்ளை ஓக்கின் நுண்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும், தண்ணீர் உள்ளே போகாது. சாராயப் பீப்பாய் செய்கிற மரம் அது. சிவப்பு ஓக்கில் அந்த அடைப்பு இல்லை. அவர் முன்பணம் கட்டியிருந்த வியாபாரி அனுப்பிய மரத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். ஒரு சாண் துண்டை வெட்டி, ஒரு முனையைச் சொம்புத் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் வாயை வைத்து ஊதினேன். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. "என்ன தம்பி இது, புல்லாங்குழலா?" என்றார் அம்மா. "வெள்ளை ஓக்குன்னா ஊதவே முடியாதும்மா. இது செவப்பு. திருப்பி அனுப்புங்க" என்றேன். அனுப்பினார், நல்லது வந்தது.

ஓக்குக்கு இரும்பு ஆகாது. அதிலுள்ள துவர்ப்புச் சத்தும் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரிக் கருத்துவிடும். சாதாரண ஆணி, இரும்புத் தூள் ஒட்டிய கை, மேசைமேல் மறந்துவைத்த ஈர உளி, எதுவும் போதும். அந்த வேலை முடிகிறவரை பட்டறையில் எவர்சில்வர் அல்லது பித்தளை ஸ்க்ரூ மட்டும். கறை விழுந்தால் ஆக்ஸாலிக் அமிலத்தைக் கரைத்துத் தடவினால் போகும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். எந்த மரமானாலும் குளியலறை அலமாரியைத் தரையிலிருந்து ஓர் அடி மேலே சுவரில் தொங்கவிடுவதே என் பழக்கம். கீழே துடைப்பம் நுழைய வேண்டும், காற்று ஓட வேண்டும். கதவில் சாய்ந்த பட்டைகள் வைத்தால் கெய்சர் ஆவி உள்ளே தங்காது.

பாலிஷைப் பற்றிச் சொல்லாவிட்டால் மலைத்தொழில் முழுமையாகாது. பனி இறங்குகிற நேரத்தில் ஸ்ப்ரே கன்னைத் தூக்கினால் முடிந்தது கதை. கரைப்பான் ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே பால் தெளித்தாற்போல வெள்ளை பூக்கும். பழைய அரக்குப் பாலிஷுக்கும் இந்தக் கேடு உண்டு. கடுகெண்ணெய் நிறத்தில் மின்னுகிறதென்று ஆளிவிதை எண்ணெயைத் தடவச் சொல்கிறவர்களும் உண்டு; மலையில் அந்த எண்ணெய் பூஞ்சைக்குச் சோறு. நான் இரண்டு பாகம் கலந்து அடிக்கிற பி.யூ.வைத்தான் நம்புகிறேன், அதுவும் வெயில் வந்த பிறகு தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுவேன். மழைக்காலத்து வேலை என்றால் பாலிஷ் மட்டும் சேலத்தில். பலகையின் முகத்துக்கு எத்தனை கோட்டிங்கோ அத்தனையும் முதுகுக்கும் விளிம்புக்கும் வேண்டும். உள்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டால், ஈரம் ஒரு பக்கமாக மட்டும் ஏறிப் பலகை வில்லாக வளையும்.

இவ்வளவும் செய்து கொடுத்த அலமாரி கெட்டுப்போகிற வீடுகள் எவை என்று பார்த்தால், பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிற வீடுகள்தான். தினமும் அடுப்பெரிகிற, ஜன்னல் திறக்கிற வீட்டில் என் முதல் வேலைகள் இன்னும் நன்றாக இருக்கின்றன. மே மாதக் கோடை விழாவுக்கு வந்துவிட்டு, அடுத்து டிசம்பரில் கதவைத் திறக்கிறவர்கள்தான் "ஷட்டர் முழுக்கப் பூஞ்சைங்க, மரம் சரியில்லை" என்று போன் போடுகிறார்கள். அடைத்த அறையில் வாரக்கணக்கில் ஈரம் நின்றால் தேக்கு, ஓக், பிளைவுட் எதிலும் பூஞ்சை வரும்.

ஆகவே ஏற்காட்டில் விடுமுறை வீடு வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள். ஊருக்குக் கிளம்பும்போது அலமாரிக் கதவுகளையும் டிராயர்களையும் ஒரு சாண் திறந்துவைத்துவிட்டுப் போங்கள். ஸிங்க்குக்கும் பேசினுக்கும் போகிற தண்ணீர் வால்வை மூடுங்கள். காவலுக்கு இருப்பவரிடம் சாவியைக் கொடுத்து, வெயில் அடிக்கிற நாளில் வாரம் ஒருமுறை ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். அதற்கென்று அவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள். என்னைக் கூப்பிட்டு ஷட்டர் மாற்றுகிற செலவைவிட அது மிகவும் குறைவு.